கைத்தறித் துணியும் வீட்டுத் தையலும்

கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலையின் உச்சியில் எரிவது நெய் என்றே எல்லோரும் சொல்லுகிறோம். நெய் தானாக எரிவதில்லை. கொப்பரையில் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி திரியாக இடப்படுகிறது. மலையடியில் இலட்சக்கணக்கானோர் கைகூப்பி நிற்க, மேலே எரிவது வெளுக்காத, சாயமிடாத, தறியிலிருந்து இறக்கியபடியே வந்த பருத்தித் துணி. இவ்வூரிலேயே வளர்ந்த எனக்கு இதை நினைக்குந்தோறும் ஒரு பெருமையும், அதன் பின்னாலேயே ஒரு வருத்தமும் உண்டாகும். பெருமைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வருத்தமோ, நின்று தொழுகின்ற அத்தனை பேரின் உடம்பிலும் கைத்தறிப் பருத்தி எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருப்பதுதான். முதியவர் சிலர் இடுப்பில் வேட்டி இருக்கும். தோளில் ஒரு துண்டு இருக்கும். இளையவர்களிடம் அதுவும் இராது.

மற்றவர்களை விடுவோம். நெய்கிறவர்கள் வீட்டிலேனும் இருக்கிறதா? இரண்டாண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்தில், ஆரணிக்கு அருகே ஒரு நெசவாளர் வீட்டில் அரைநாள் தங்க நேர்ந்தது. கூடத்தில் தறி, தறியில் மாம்பழ வண்ணத்தில் முகூர்த்தச் சேலை ஒன்று பாதிவரை வளர்ந்திருந்தது. தறியில் அமர்ந்திருந்த வீட்டுக்காரரின் இடுப்பில் செயற்கை இழை கலந்த கைலி. தார் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவியார் பாலியெஸ்டர் நைட்டியும், மகள் அதே இழையில் சுரிதாரும் அணிந்திருந்தார்கள். விசிறியை மீறி வியர்வை வழிந்தது. “இந்த வெயிலுக்கு இது உடம்பைச் சுடவில்லையா அம்மா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். “சுடுதுங்க. ஆனா கடையில தைச்சதா கிடைக்கிறது இதுதானே? சங்கத்துல சுரிதாருக்குத் துணி ஏது?” என்றாள்.

அவள் மீது குற்றமில்லை. நம் தொடக்கச் சங்கங்களின் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். சேலை உண்டு; வேட்டி உண்டு; துண்டு, போர்வை, படுக்கை விரிப்பு உண்டு. இவை யாவும் கத்தரிக்கோல் படாமல் தறியிலிருந்து நேரே உடம்புக்கும் கட்டிலுக்கும் போகின்றவை. ஆனால் இன்றைய இளைஞரும் யுவதிகளும் நாள்தோறும் உடுத்துவது தைத்த உடை. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸின் பெரிய விற்பனை நிலையங்களில் சுரிதார்த் துணியும் தைத்த சட்டையும் வைத்திருக்கிறார்கள்; இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊர்ச் சங்கங்களிலோ தைப்பதற்கென்று இருப்பது பெரும்பாலும் ரவிக்கைத் துண்டு ஒன்றுதான். (அந்த ரவிக்கைத் துண்டின் கதையே தனி. வெற்றிலை பாக்குடன் ஒரு வீட்டில் கொடுத்தது, தைக்கப்படாமலே ஐந்து வீடு சுற்றி, கொடுத்தவருக்கே திரும்பி வருவதை நான் கண்டிருக்கிறேன்.) ஆகவே நம் சரக்கு கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மட்டும் வெளியே போகிறது. தீபாவளித் தள்ளுபடி முடிந்ததும் அலமாரி அசையாமல் நிற்கிறது. அன்றாட உடை என்னும் பெரிய சந்தையை நாமே பிறருக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

இதற்கு ஒரு வழி வீட்டுத் தையலில் இருக்கிறது என்பது என் கருத்து. அதுவும் பழைய வெட்டில், பழைய மோஸ்தரில் தைக்கும் வீட்டுத் தையலில். இதைச் சொன்னவுடன், “பாட்டி காலத்து உடுப்பை இந்தப் பிள்ளைகள் போடுவார்களா?” என்று நகைக்கிறார்கள். போடுகிறார்கள் என்பதற்கு இரண்டு சாட்சிகள் சொல்லுகிறேன்.

முதலாவது வெளிநாட்டுச் சாட்சி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இளம்பெண்கள் பலர் 1940, 1950-ஆம் ஆண்டுகளின் வெட்டுக் காகிதங்களைத் தேடிப் பிடித்து, தம் கையாலேயே சில உடைகளைத் தைத்து, அவற்றை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிச் சேர்த்து ஆண்டு முழுவதும் உடுத்துகிறார்கள். அந்த வெட்டுகள் எப்படிப் பிறந்தவை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உலகப் போரின்போது, 1941 ஜூன் 1 முதல் 1949 மார்ச்சு வரை பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு இருந்தது. கூப்பன் தீர்ந்தால் உடை இல்லை. ஒரு சட்டைக்கு எத்தனை பை, எத்தனை மடிப்பு, எத்தனை பொத்தான் என்பதற்குக்கூட அரசாங்கம் வரம்பு கட்டியது. கிழிந்ததைத் தைத்துக்கொண்டு உள்ளதை வைத்துச் சமாளியுங்கள் என்று 1943-இல் மக்களுக்குக் கைப்புத்தகம் வெளியிட்டது. இன்று அழகென்று கொண்டாடப்படும் அந்த அடக்கமான உடைகள் துணிப் பஞ்சத்தின் பிள்ளைகள்.

அதே 1943-இல் இந்தியாவிலும் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அப்போது என் அன்னைக்குப் பதின்மூன்று வயது. அவருடைய உடைகள் அனைத்தும் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கின. அந்தப் பெட்டி இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பாவாடை. நீலம்; அரை அங்குல மஞ்சள் கரை. தைக்கும்போதே கீழே மூன்று டக்குப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். பெண் வளர வளர ஆண்டுக்கு ஒரு டக்கைப் பிரித்து நீளம் விட்டிருக்கிறார்கள். மடிப்புக்குள் இருந்த பாகம் வெயில் காணாததால், பிரித்த இடத்தில் பழைய நீலம் அப்படியே பட்டையாகத் தெரிகிறது. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல அந்தப் பட்டைகளை எண்ணி அவருடைய வயதைச் சொல்லிவிடலாம். ஒரே பாவாடை, நான்கு ஆண்டு! இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கும் ஆயத்த உடை எட்டாம் வகுப்புக்கு வருவதில்லை. வந்தாலும் தையல் விட்டுப்போயிருக்கிறது.

இரண்டாவது சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரமணாசிரமத்தை நாடி வரும் வெளிநாட்டார் செங்கம் சாலைப் பக்கத்துத் தையற்காரர்களிடம் கேட்டுத் தைத்துக்கொள்வது என்ன என்று சற்று நின்று கவனியுங்கள். தொளதொளத்த பருத்தி ஜிப்பா. நாடா வைத்த கால்சட்டை. சுருக்கு வைத்த பாவாடை. நம் பாட்டனும் பாட்டியும் அணிந்தவற்றை அவர்கள் விலை கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு கிரிவலம் வருகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகள் உடம்பை இறுக்கும் செயற்கை இழையில் பதினான்கு கிலோமீட்டரும் வியர்த்து நடக்கிறார்கள்.

இனி, ஒரு பெண்ணுக்கு எத்தனை உடை வேண்டும் என்று கணக்கிடுவோம். என் கணக்கில் கீழுடை மூன்று: அவுரி நீலத்தில் ஒரு பாவாடை, காடா நிறத்தில் கரை வைத்த ஒரு பாவாடை, வேலைக்கும் வண்டி ஓட்டவும் நாடா வைத்த ஒரு பைஜாமா. மேலுடை நான்கு: முழங்கால் தொடும் அரைக்கை ஜிப்பா ஒன்று, வட்டக் கழுத்துப்பட்டியும் பஃப் கையும் வைத்த, அறுபது ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கூட ஆசிரியைகள் அணிந்த மாதிரிச் சட்டை ஒன்று, இடுப்புக்குக் கீழே இறங்கும் சாதாரண ரவிக்கை ஒன்று, மேலே மாட்டிக்கொள்ள முன்பக்கம் பொத்தான் வைத்த கையில்லாச் சட்டை ஒன்று. இவற்றோடு இரண்டரை மீட்டரில் ஒரு தாவணி. அது தாவணியாகவும் ஆகும். குளிருக்குப் போர்வையாகவும் ஆகும். ஆனி வெயிலில் தலைக்கும் ஆகும். நிறங்களை நான்குக்கு மேல் போகவிடக்கூடாது. எந்த மேலுடையும் எந்தக் கீழுடையோடும் பொருந்தவேண்டும் என்பதே இங்கே விதி. மூன்றும் நான்கும் பெருக்கப் பன்னிரண்டு விதம் ஆயிற்று. துணி எவ்வளவு? கீழுடைக்கு இரண்டரை மீட்டர் வீதம் ஏழரை, மேலுடைக்கு ஒன்றே முக்கால் வீதம் ஏழு, தாவணி இரண்டரை. ஆகப் பதினேழு மீட்டர். ஏறக்குறைய மூன்று சேலை நீளம். மூன்று சேலை விலையில் ஆண்டு முழுவதற்கும் உடை. ஆண்களுக்கு இதைவிடச் சுருக்கமாக முடிந்துவிடும். வேட்டி கட்டுகிறவருக்கு மூன்று மேற்சட்டை போதும்.

இதில் பாவாடையைப்பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் அதுவே தையலறியாதவரும் தைக்கக்கூடியது. நாற்பத்தாறு அங்குல அகலத் துணியை இரண்டரை மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அகலமே உயரமாகிறது, கரை தானாகக் கீழே வந்துவிடுகிறது. முப்பத்தெட்டு அங்குல உயரம் போக மிச்சமுள்ளதில் இடுப்புப்பட்டியும் இரண்டு டக்கும் அடங்கும். வெட்டே இல்லை. மேலே சுருக்குப் பிடித்து, பக்கத்தை மூட்டி, நாடா கோத்தால் முடிந்தது. இயந்திரமிருந்தால் ஒரு மாலைப்பொழுது; கையால் ஓட்டுத்தையலும் பின்தையலும் போட்டால் மூன்று மாலை.

ஜிப்பாவின் வெட்டு அதைவிட நுட்பமானது. இளம் தையற்காரர் பலருக்கு இது மறந்துவிட்டது. துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் நடுவே கழுத்துக்கு மட்டும் துளையிட்டால் முன்னும் பின்னும் ஒரே துண்டாக அமைந்துவிடும். தோளில் தையல் கிடையாது. கைகள் இரண்டும் நீண்ட சதுரங்கள். நடக்கும்போது கால் விரிய வேண்டுமல்லவா? அதற்காக நீள்சதுரத் துண்டுகளை மூலைவாட்டில் வெட்டி, அகன்ற பாகம் கீழே வரும்படி பக்கங்களில் சேர்க்கிறார்கள். கை தூக்க இடமளிக்க அக்குளில் ஒரு சிறு சதுரத்தை மூலை திருப்பி வைக்கிறார்கள். கழுத்துக்கு வெட்டிய சிறு வட்டம் தவிர வேறொன்றும் கீழே விழாது. துணியின் கரை பக்கத் தையலுக்குள் வந்துவிடுவதால் இழை பிரியும் அச்சமும் குறைவு. இது தறியை அறிந்தவன் கண்ட வெட்டு. ஒவ்வோர் இழையும் எவ்வளவு உழைப்பில் வந்தது என்று அறிந்தவன் வளைத்து வளைத்து வெட்டிக் குப்பையில் போட மனம் கொள்ளமாட்டான். இன்றைய இறுக்கமான வெட்டில் கையைச் சுற்றி வளைவு, இடுப்புக்கு வளைவு என்று போவதால், நூறு மீட்டருக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் வெட்டுத்துணியாகிறது. ஆலைத் துணியில் அந்த நட்டத்தைத் தாங்கலாம். கைத்தறியில் தாங்க முடியாது. கைத்தறி உடை விலை கூடுதல் என்று குறைகூறுவோர், அந்த விலையில் ஒரு பகுதி கத்தரிக்கோலால் ஏறியது என்பதைக் கருதுவதில்லை.

இங்கே ஒன்று குறிப்பிடவேண்டும். பழைய உடையெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பழங்காலத்தில் உடை என்பது பலருக்கு அவமானத்தின் அடையாளமாகவும் இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடியும் உதையும் பட்டுப் போராடினார்கள். 1859 ஜூலை 26-ஆம் நாள் அறிவிப்பு வந்த பிறகே, அதுவும் நிபந்தனைகளோடு, மேலாடை அணிய அனுமதி கிடைத்தது. சட்டையும் செருப்பும் அணிந்ததற்காக அடிபட்டவர்கள் நம் மாவட்டக் கிராமங்களிலும் இருந்தார்கள். ஆயத்தச் சட்டை ஒன்றை எவரும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை இகழ்கிறவன் வரலாறு அறியாதவன். பழைய வெட்டை எடுத்துக்கொள்வோம். பழைய கட்டுப்பாட்டை எடுக்கவேண்டா.

நேரம் எங்கே என்பது அடுத்த ஆட்சேபம். இது நியாயமானதே. நாள் முழுதும் தறியிலோ வயலிலோ இருந்துவிட்டு வரும் பெண்ணிடம் ஊசியையும் கொடுப்பது இன்னொரு சுமை ஆகக்கூடாது. ஆகவேதான் தையல் இயந்திரம் வேண்டும் என்கிறேன். கைத்தொழிலைப் போற்றுகிறவர்கள் இயந்திரத்தை ஏற்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 1924-இல் இராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியடிகளிடம், இயந்திரம் அனைத்தையுமே எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். சிங்கர் தையல் இயந்திரத்துக்கு அடிகள் விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைக் கண்டு பொறாமல், அன்பின் காரணமாகச் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். அம்மாணவரே பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன்.

இயந்திரம் இல்லாதவர் சோரவும் வேண்டா. 1896 செப்டம்பர் 1-ஆம் நாள் இவ்வூர் வந்து 1950-இல் மறையும் வரை கௌபீனத்தோடே வாழ்ந்த இரமண மகரிஷி, அது கிழிந்தபோது முள்ளை ஊசியாக்கி, அத்துணியிலிருந்தே இழையை உருவித் தைத்துக்கொண்டார் என்று அவருடன் இருந்தோர் எழுதிவைத்திருக்கிறார்கள். யாரையும் நான் துறவுக்கு அழைக்கவில்லை. கிழிசலைத் தைத்து உடுத்துவது இவ்வூரில் வெட்கப்படத்தக்க காரியமன்று என்பதற்காகச் சொன்னேன்.

இதுவரை உடுத்துகிறவர்களிடம் பேசினேன். இனி நெய்கிறவர்களிடமும் சங்கத்தை நடத்துகிறவர்களிடமும் சில கசப்பான வார்த்தை பேசவேண்டியிருக்கிறது; பொறுத்தருள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்துக் கடையில் (பெயர் வேண்டா) நீலத்திலும் அரக்கிலும் துணி வாங்கிப் பாவாடையும் சட்டையும் ஆசையாகத் தைத்தேன். முதல் சலவையில் பாவாடை இரண்டு அங்குலம் மேலே ஏறிவிட்டது. அரக்குச் சட்டை, கூட நனைந்த வெள்ளை வேட்டி இரண்டையும் ரோஜா நிறமாக்கியது. கடையில் போய்ச் சொன்னபோது, “கைத்தறி என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று விடை வந்தது. அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவர் இரண்டாம் முறை வரமாட்டார். நனைக்காமல் வெட்டியது என் தவறு. ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகே வெட்டியிருக்க வேண்டும். ஆனால் அதை எனக்குச் சொல்லவேண்டியது யார்? சாயம் போனதற்கோ நான் பொறுப்பில்லை. கல்லுப்புப் போட்டு அலசினால் நிற்கும் என்பார்கள். சாயப்பட்டறையில் சரியாக அலசாத நூலை உப்பு காப்பாற்றாது.

சாயம் போவதையே பெருமையாக விற்ற கதையும் ஒன்று உண்டு. சென்னைக் கட்டம்போட்ட கைத்தறித் துணியைப் பிற்காலத்தில் ஓட்டல் தொழிலில் பெயர்பெற்ற கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் 1958-இல் அமெரிக்க வணிகர் ஒருவருக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மெல்லத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்குவோரைச் சென்றடையவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடையில் அதைச் சட்டையாக வாங்கியவர்கள், நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைவதைக் கண்டு சினந்தார்கள். வழக்குவரை பேச்சுப் போயிற்று. முடிவில் ஒரு பத்திரிகையில், துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயத் துணி என்று எழுதச்செய்ததும், குறையே மோஸ்தராகிவிட்டது என்று நாயர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் பழைய உடை விரும்புவோர் இன்றும் அந்த மதராஸ் கட்டச் சட்டையைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அத்தகைய அதிர்ஷ்டம் ஒருமுறைதான் வரும். கழுத்துப்பட்டியில் ஒரு நிறமும் உடலில் ஒரு நிறமும் சேர்த்துத் தைக்க விரும்புகிற பெண்ணிடம் போய் அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பயிரிடும் அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. மெல்லிய சேலைக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். பாவாடைக்கும் ஜிப்பாவுக்கும் அப்படியன்று. இருபதாம் நம்பர் போன்ற தடித்த நூலே அவற்றுக்கு உறுதியும் நிற்கும் தன்மையும் கொடுக்கும். கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி, இழை குட்டையானது என்பதாலேயே ஆலைகளால் ஒதுக்கப்பட்டது. தடித்த நூல் துணிக்குக் கிராக்கி வந்தால் அதற்கும் இடம் வரும். நீலத்துக்கு அவுரி நமக்குக் கிழக்கே திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிராகிறது. பயறு இனமாதலால் நிலத்துக்கும் உரமாகும் செடி அது. செம்மண் நிலத்தில் வேர்க்கடலையையே நம்பி விலை வீழ்ச்சியில் கலங்குகிற நம் விவசாயிகள் ஓர் ஏக்கரிலாவது அதைப் பார்க்கலாம். வாங்குவோர் உண்டா என்று முதலில் கேட்டறிந்த பிறகே விதைக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறேன். விளைத்துவிட்டுச் சந்தை தேடிய துன்பம் நமக்குப் புதிதன்று.

தைக்கிறவர்கள் யார் என்ற கேள்விக்கும் விடை அருகிலேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்களின் பெண்களே தைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் நெசவாளர் கூட்டுறவு சங்கம்; மறுபக்கம் தையற் பெண்களின் கூட்டுறவு சங்கம். இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. துறை வேறு, இலாகா வேறு என்பார்கள். இலாகா வேறாக இருந்தால் என்ன? நம் கடையில் இரண்டரை மீட்டர் வாங்குகிறவருக்கு, அளவெடுத்து அங்கேயே வெட்டிக்கொடுக்க ஒரு மேசையும் ஒரு பெண்ணும் இருந்தால் போதும். தைக்கத் தெரிந்தவர் வீட்டில் தைத்துக்கொள்ளட்டும்; தெரியாதவர் அவரிடமே கூலி கொடுத்துத் தைக்கட்டும்; கற்க விரும்புகிறவர் சனிக்கிழமை மாலை வந்து கற்கட்டும். அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையலில் லோயர், ஹையர் தேறிவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்கள் எந்தத் தெருவில் இல்லை?

துணியை யார் வாங்குவார் என்று இன்னும் ஐயுறுவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறியைச் சார்ந்த குடும்பங்கள் 31 இலட்சத்துக்கு மேல். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு பாவாடைத் துணி, இரண்டரை மீட்டர் என்று வைத்தாலும் 77 இலட்சம் மீட்டர் ஆகிறது. ஊரார் வாங்கவில்லை என்று குறைப்படுமுன் நாமே வாங்கும் அளவு இது. ஆரணிப் பக்கத்தில் நான் கண்ட அந்தப் பெண்ணும் அந்தக் கணக்கில் ஒருத்திதானே.

நிர்வாகக் குழுவினரிடம் நான் கேட்பது பெரிதன்று. ஒரு தறி, நாற்பத்தாறு அங்குல அகலம், இருபதாம் நம்பர் நூலில் நாற்பது மீட்டர். பாதி நீலம், பாதி காடா நிறம். இரண்டுக்கும் ஒரே கரை. வரும் தீபத்துக்கு முன் அது அலமாரிக்கு வருமாயின் முதல் இரண்டரை மீட்டருக்கு நான் பணத்துடன் வந்து நிற்பேன். நனைத்துச் சுருக்கம் போக்கிய துணியாக இருக்கவேண்டும். நீலம் என் வெள்ளை வேட்டிகளோடு உறவு கொண்டாடக்கூடாது. வெட்டுக் காகிதங்களை நான் கொண்டுவருகிறேன்.